மணவிருந்து மேசையின் நடு அலங்காரம்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டுங்கால், ‘மேசை விரிப்பு’, ‘சிறு துண்டு’ என்னும் தலைப்புகளின் கீழ் ஆண்டுக்கணக்கில் விலைபோகாது கிடக்கும் சரக்கைக் காண்பது அரிதன்று. மலர் பயிரிடுவோரைக் கேட்டாலோ, முகூர்த்தத்திற்கு முந்திய நாள் உச்சிக்கு ஏறிய விலை, முகூர்த்தம் கழிந்த மறுநாளே பறிகூலிக்கும் போதாமல் இறங்கிவிடுகிறது என்பர். இவ்விரு தரப்பாரின் பண்டமும் ஓரிடத்தில் வந்து கூடும் பொருள் ஒன்று உண்டு. திருமண வரவேற்பில் விருந்தினர் அமர்ந்து உண்ணும் மேசையின் நடுவே வைக்கப்பெறும் அலங்காரமே அது. இன்று பல மண்டபங்களில் அவ்விடத்தை நிரப்புவன பாலியெஸ்டர் துணியும் பிளாஸ்டிக் பூவுமே. அவை மலிவானவை என்பதனால் மட்டும் அங்கு வந்து அமர்ந்தன அல்ல. கேட்ட அளவில், கேட்ட எண்ணிக்கையில், கேட்ட நாளில் ஒரே கையிலிருந்து கிடைக்கின்றன, அதுவே முதற்காரணம். நம் உறுப்பினர் அவ்வாறு தர இயலுமா என்பதே இப்பாடத்தின் பொருள்.

அலங்காரம் என்றவுடன் இஃது ஏதோ பொழுதுபோக்குக் கலை என்று ஒதுக்கிவிடலாகாது. இதில் முக்காற்பங்கு அளவும் கணக்குமே. எஞ்சிய காற்பங்குதான் கைத்திறன்.

எம்மேசைக்கு வேண்டும், எதற்கு வேண்டா?

ஐரோப்பிய விருந்துகளில் முற்காலத்தில் உணவுக் கலங்கள் யாவற்றையும் ஒருங்கே மேசைமீது பரப்பி வைப்பது வழக்கம். அதனைப் பிரெஞ்சு முறை என்பர். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவிற்று. பணியாளர் ஒவ்வோர் உணவாகக் கொணர்ந்து, விருந்தினர் ஒவ்வொருவர்க்கும் பரிமாறலாயினர். கலங்கள் அகன்றபின் மேசையின் நடுவிடம் வெறிதாயிற்று. அவ்வெற்றிடத்தில் மலரும் பழமும் விளக்கும் வந்து அமர்ந்தன. ஆகவே நடு அலங்காரம் என்பது, பரிமாறுதற்குத் தேவைப்படாத நடுவிடம் உள்ள மேசைக்கே உரியது.

நம் பந்தி மேசை அத்தகையதன்று. இலையின் மறுபுறம் பரிமாறுவோர் நடக்கும் வழி. வாளியும் கரண்டியும் இலைக்கு மேலே ஓயாது போய்வரும். அங்கே ஒரு பூங்கிண்ணத்தை வைத்தால் முதற்பந்தி முடியுமுன் அது சாம்பாரில் குளித்துவிடும். பந்தி மேசைக்கும் சேர்த்து விற்றுவிடலாம் என்று கருதும் சங்கம் நற்பெயரையே இழக்கும். நமக்கு உரிய இடங்கள் மூன்று: மாலை வரவேற்பில் எண்மர் சுற்றி அமரும் வட்ட மேசை, விருந்தினர் தாமே எடுத்துண்ணும் வகையில் உணவு அடுக்கப்பெறும் நீள்மேசை, கிறித்தவத் திருமணங்களில் கேக் வைக்கும் மேசை. இவற்றுள் எண்ணிக்கையிற் பெரியது வட்ட மேசையே. ஆதலின் அதனையே விரிவாகக் கூறுவேன்.

அளவே தொடக்கம்

வட்ட மேசையின் குறுக்களவு பெரும்பாலும் 60 அங்குலம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். எண்மர் அமர்ந்தால் ஒருவர்க்கு 23½ அங்குலம் கிடைக்கும். ஒருவர்முன் வைக்கும் தட்டும் தண்ணீர்க் குவளையும் விளிம்பிலிருந்து உள்நோக்கி 14 அங்குலம் கொள்ளும். இருபுறமும் 14 போக நடுவே எஞ்சுவது 32 அங்குலக் குறுக்களவுள்ள வட்டம். இதுவே நமது நிலம். இதற்குள்ளேதான் துணியும் தட்டும் பூவும் அடங்கவேண்டும். ஊறுகாய்க் கிண்ணமும் உப்புச் சிமிழும் வைக்கச் சிறிது இடமும் விடவேண்டும்.

நீள்சதுர மேசையில் இருபுறமும் ஆட்கள் அமர்வதாயின் கணக்கு வேறு. 30 அங்குல அகல மேசையில் 28 போக 2 அங்குலமே மிஞ்சும். அதில் வைக்கத்தக்கது யாதொன்றும் இல்லை. 36 அங்குல மேசையில் 8 அங்குலம் கிடைக்கும். நடுநெடுக ஒரு நீள்விரிப்பும், அதன்மேல் தாழ்ந்த சிறு கிண்ணங்களும் பொருந்தும். மேசையை அளவாமல் துணி நெய்வது, ஆளை அளவாமல் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும். ஆணை பெறும்போதே மண்டபத்திற்கு ஓர் அளவு நாடாவுடன் ஒருவரை அனுப்பிவிடல் நன்று. மண்டபத்தார் வாய்மொழியாகச் சொல்லும் அளவு பெரும்பாலும் முழு அடிக் கணக்கில் இருக்கும். மேசையோ அவ்வாறு இராது.

உயரத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கும் அலங்காரத்தை விருந்தினர் தாமே எடுத்துத் தரையில் வைத்துவிடுவர். இதனைப் பல வரவேற்புகளில் காணலாம். மேசைப்பரப்பிலிருந்து 12 அங்குலத்திற்கு மேற்படாமல் இருப்பதே பாதுகாப்பானது. ஓங்கியிருக்க வேண்டுமென்று வீட்டார் விரும்பின், மெல்லிய தண்டின்மீது 24 அங்குலத்திற்கு மேலே பூவை ஏற்றலாம். இடைப்பட்ட உயரம் கண்ணுக்கு நேரே நின்று பேச்சைக் கெடுக்கும். எனினும் நம் மண்டபங்களில் மேலே மின்விசிறி சுழல்வதால், ஓங்கிய தண்டு ஆடவும் சாயவும் கூடும். தாழ்ந்த அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

நெசவாளர் கவனிக்க வேண்டுவன

வட்ட மேசைக்கு நீள்விரிப்பு ஆகாது. அது குறுக்கே சென்று இருவரின் தட்டுக்கு மட்டும் கீழே அகப்பட்டுக்கொள்ளும். மற்ற அறுவர்க்குப் பயனில்லை. நடுவே ஒரு சதுரத் துண்டு விரிப்பதே முறை. 32 அங்குல வட்டமாயிற்றே, 24 அங்குலச் சதுரம் வைக்கலாமே எனத் தோன்றும். ஆனால் சதுரத்திற்கு மூலை உண்டு. 24 அங்குலச் சதுரத்தின் மூலை நடுப்புள்ளியிலிருந்து 17 அங்குலத் தொலைவில் நிற்கும். நமது வட்டத்தின் அரைக்குறுக்களவோ 16. நான்கு மூலையும் நான்கு தட்டின் கீழே புகுந்து நனையும். 22 அங்குலச் சதுரமாயின் மூலை 15½ அங்குலத்தில் அடங்கிவிடும்.

இனி, தறியில் நெய்யவேண்டிய அளவைக் காண்போம். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். உங்கள் துணி எவ்வளவு சுருங்கும் என்பதை மாதிரித் துண்டொன்றை நனைத்து உலர்த்தி அளந்தே அறியவேண்டும். பிறர் சொன்னதைக் கொண்டு முடிவு செய்யலாகாது. நூற்றுக்கு 5 சுருங்குவதாகக் கண்டால், 22 அங்குல அகலம் நிற்பதற்குத் தறியில் 23¼ அங்குல அகலம் வேண்டும். பக்கங்களில் கரை இருப்பதால் மடிப்புத் தையல் தேவையில்லை. நீளவாட்டில் இருமுனையும் ஓரோர் அங்குலம் மடித்துத் தைக்க 24 அங்குலம். சுருக்கமும் சேர 25¼ அங்குலம். 40 மேசைக்கு 40 துண்டு, பழுதுக்கும் மாதிரிக்கும் 4, ஆக 44 துண்டு. நெய்யும் நீளம் 1,111 அங்குலம், அதாவது 28 மீட்டருக்குச் சற்று மேல். பாவின் தொடக்கத்திலும் முடிவிலும் வீணாகும் நூலை இதனுடன் கூட்டிக்கொள்க.

நூலின் எண்ணைப் பற்றி ஒரு சொல். மிக மெல்லிய நூலால் நெய்த துணி கையில் அழகு. மின்விசிறியின் கீழோ மூலை தூக்கும். 20-ஆம் நம்பர் இரட்டை நூல் ஊடையாக ஓடிய துணி தன் எடையாலேயே படிந்து கிடக்கும். மேசைத்துணி, கைத்துடைப்பான் போன்றவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பும் கரூர் வட்டாரத்தில் தடித்த நூலின் பயனை அறியாதார் இலர்.

வேலைப்பாட்டை எங்கே அமைப்பது? நம் நெசவாளர்க்கு நடுவிலே ஒரு பெரிய புட்டா போடுவதில் பேரார்வம் உண்டு. ஆனால் நடுவே 12 அங்குலத் தட்டு அமரப்போகிறது. அந்தப் புட்டாவைத் தட்டைக் கழுவும் ஆளன்றி வேறெவரும் காணார். தட்டுப் போக நான்கு பக்கமும் 5 அங்குலமே கண்ணில் படும். கூலியும் உழைப்பும் அவ்வைந்து அங்குலத்திலும் மூலைகளிலும் செல்லவேண்டும். அன்றியும், வட்ட மேசையை எண்மர் எட்டுத் திசையிலிருந்து காண்கின்றனர். மயிலையோ அன்னத்தையோ ஒரே பக்கம் நோக்க நெய்தால் பாதிப்பேருக்கு அது தலைகீழாகத் தெரியும். கோபுரக் கரை, கட்டம், கோடு ஆகியன எத்திசையிலிருந்தும் ஒன்றுபோல் தோன்றும். மணமக்கள் பெயரின் முதலெழுத்தை நெய்து தரும்படி கேட்போர் உண்டு. முழு விலைக்கு வாங்கிச் செல்வோர்க்கு மட்டும் அவ்வாறு நெய்து தருக. வாடகைக்கு விடும் துணியில் எழுத்து நெய்தால் அடுத்த மணவீட்டிற்கு அது உதவாது.

சாயமே எல்லாவற்றிலும் பெரிய இடர். பூவுள்ள இடத்தில் ஈரம் உண்டு. நேரடிச் சாயம் தோய்த்த நூல் ஈரம் பட்டவுடன் கசியும். ஒரு சங்கத்தின் கணக்கை நான் தணிக்கை செய்தபோது, அழகிய சிவப்பு விரிப்புகளுக்கு வரவேண்டிய தொகையில் பெரும்பகுதி கழிக்கப்பட்டிருந்தது. காரணம் வினவியதில், கிண்ணத்து நீர் கசிந்து சிவப்பு ஓடி, அடியிலிருந்த மண்டபத்தின் வெண்துணிகளைப் பாழாக்கிற்று என அறிந்தேன். இண்டாந்திரீன் வகைச் சாயமே இவ்வேலைக்குத் தக்கது. விலை கூடுதலாயினும் தயங்கலாகாது. சோதனை எளிது. வெள்ளைத் துணியொன்றை நனைத்துப் பிழிந்து, சாயத்துணியின்மேல் விரித்து, அதன்மீது ஒரு செங்கல்லை ஏற்றி ஓர் இரவு வைக்கவேண்டும். காலையில் வெள்ளையில் சிறிதேனும் நிறம் பற்றியிருப்பின் அப்பாவு இதற்கு உதவாது.

மலர் பயிரிடுவோர் கவனிக்க வேண்டுவன

உண்ணும் மேசையில் எந்தப் பூவை வைக்கலாகாது என்பதை முதலில் சொல்லவேண்டும். அரளியின் பூ, இலை, தண்டு யாவும் நஞ்சு. தோவாளையில் கட்டும் மாணிக்கமாலை, 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. அரளிப் பூவும் நொச்சி இலையும் கொண்டு பாய் முடைவதுபோல் கட்டும் அவ்வேலை நெசவாளரும் வியக்கத்தக்கது. அது கழுத்திலும் வாயிலிலும் விளங்கட்டும்; சோற்றுத் தட்டின் பக்கத்தில் வேண்டா. செங்காந்தளும் அவ்வாறே. அது தமிழ்நாட்டின் மாநில மலராயினும், விதைக்காகவே நம் பக்கத்தில் பயிரிடப்படுகிறது. அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் மருந்துக்கு உதவும், வயிற்றிற் சென்றால் உயிருக்கு ஊறாகும். குழந்தைகள் கையெட்டும் மேசை இது என்பதை மறத்தலாகாது. கேக்கின் மேல் பூவைச் சாத்த வேண்டினால் பூச்சிமருந்து தெளித்த ரோஜாவைத் தரவே கூடாது. வாங்குவோர் கேளாவிடினும் நாமே சொல்லிவிடவேண்டும்.

மணம் மிக்க பூவும் உண்ணுமிடத்தில் அளவோடு இருத்தல் நன்று. சம்பங்கியைக் கொத்தாக வைத்தால் அதன் வாசனை உணவின் வாசனையை விழுங்கிவிடும். செண்டுமல்லியின் இதழ் ஈரத்துணியில் நசுங்கினால் மஞ்சட் கறை பற்றும். துணிக்குச் சாயமேற்றவே பயன்படும் பூ அது. நிறத்தைத் தேர்கையில் மாலை விளக்கொளியை நினைவிற்கொள்க. பகலில் அழகாகத் தோன்றும் வாடாமல்லியின் ஊதா, மஞ்சள் விளக்கொளியில் மங்கிவிடும். வெண்மையும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும்.

அடிப்படைப் பூவாக நான் கொள்வது செவ்வந்தியையே. நீரின்றியும் ஒரு மாலைப்பொழுது வாடாது, இதழ் உதிராது. 2 அங்குல அகலமுள்ள பூவைத் தேர்ந்துகொள்க. நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதன் வெளியே 12, ஆக 19 பூ. புள்ளிக்கோலம் இடும் எந்தப் பெண்ணுக்கும் இக்கணக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அவ்வாறு நெருக்கி அடுக்கிய பரப்பு சரியாக 10 அங்குல வட்டம் ஆகும். 12 அங்குலத் தாம்பாளத்தில் சுற்றிலும் ஓர் அங்குலம் மிஞ்சும். அந்த ஓரத்தில் மல்லிகைச் சரம் சுற்ற ஒரு தட்டுக்கு 2 முழம் போதும். 40 தட்டுக்கு 760 செவ்வந்தி. பத்திலொன்று கூடுதலாகக் கொண்டு 836 பூ. மல்லிகை 80 முழம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சந்தையில் செவ்வந்தி எடையில் விலைபோகிறது; பெரும்பூவும் சிறுபூவும் ஒரே கூடையில் ஒரே விலை. மேசை அலங்காரத்திற்கோ ஒரே அளவுள்ள பூ எண்ணிக்கையில் வேண்டும். அட்டையில் 2 அங்குலத் துளையிட்டுக் களத்திலேயே பூவைத் தரம் பிரித்தால், துளையில் சரியாக அமைவது மேசைக்கும், சிறியது மாலைக்கும் செல்லும். எண்ணி விற்கும் பூவிற்கு எண்ணியே விலை பேசலாம். எடைத் தராசின்முன் நிற்கும்போது உறுப்பினர்க்கு இல்லாத உரிமை இது.

மல்லிகையை அடிப்படையாகக் கொள்ளாமைக்கும் காரணம் உண்டு. விடியுமுன் பறித்த மொட்டு மாலையில் விரியும்; ஆகவே மாலை வரவேற்புக்கு அதனினும் பொருத்தமான பூ இல்லை. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் முகூர்த்த நாளில் அதன் விலை எங்கு நிற்கும் என்று எவராலும் கூற இயலாது. இரண்டு திங்களுக்கு முன்னரே ஒரு தட்டுக்கு இன்ன தொகை என ஒப்புக்கொண்ட சங்கம், அன்று காலை மல்லிகைச் சந்தையில் சிக்கிக்கொண்டால் ஆதாயம் முழுவதும் அந்த 80 முழத்திலேயே கரைந்துவிடும். ஆதலின் ஒப்பந்தத்தில், ஓரச் சரம் மரிக்கொழுந்து என்று எழுதுக. மல்லிகை வேண்டுவோர்க்கு அன்றைய சந்தை விலையில் தனியே கணக்கிடப்படும் என்றும் சேர்த்து எழுதுக.

செவ்வந்தி பகற்பொழுது குறுகும் காலத்தில் பூப்பது. வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்கு அதனை நம்பியிருத்தல் இயலாது. அக்காலத்திற்குச் செண்டுமல்லி உண்டு. நாற்று நட்டு இரண்டு திங்களில் பூவெடுக்கலாம். கறை அஞ்சுவோர் கோழிக்கொண்டையை வைக்கலாம். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் ஜெர்பராவும் எக்காலத்தும் கிடைப்பினும் அவற்றிற்கு நீர் வேண்டும். ரோஜாத் தண்டைச் சாய்வாகச் சீவி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்து, நிழலில் சில மணிநேரம் நீர் குடிக்க விடவேண்டும். ஜெர்பராவை ஆழமற்ற நீரில் நிறுத்தவேண்டும், இல்லையேல் தண்டு அழுகும். தாமரையை மாலைக்குக் கேட்டால் மொட்டாகவே வாங்கி, இதழைக் கையால் மடித்து வைக்கவேண்டும். இயல்பாக மலர்ந்த தாமரை பிற்பகலிலேயே கூம்பிவிடும்.

வாழைத் தண்டும் வெண்துணியும்

பூவைச் செருக இன்று பலரும் பயன்படுத்தும் பச்சைநிறக் கட்டி, 1954-இல் அமெரிக்காவில் தோன்றியது. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் ஒருவகைப் பிளாஸ்டிக்கே ஆதலின் மண்ணில் மக்காது. நம்மிடம் அதற்கு மாற்று உண்டு. குலை தள்ளி வெட்டிய வாழை மரத்தை 2 அங்குல கனத்தில் வில்லையாக அறுத்தால், ஒன்றன்மேல் ஒன்றாகச் சூழ்ந்த மட்டைகள் ஈரத்தைக் காத்து, செருகிய காம்பையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிமட்டை பிரியாதிருக்க வாழைநாரால் ஒரு சுற்றுக் கட்டுக. உதிரிச் செவ்வந்திக்குக் காம்பு இராதாகையால், தென்னை ஈர்க்கை 2 அங்குலமாக நறுக்கிப் பூவின் அடியில் குத்தி வில்லையில் நடுக. வாழை பயிரிடும் உறுப்பினர்க்குக் குலையெடுத்தபின் எறியும் பொருள் இது.

ஆனால் இதே வாழைதான் நெசவாளரின் பகைவன். வாழைக்கறை துணியில் பட்டால் எந்தச் சோப்பும் அதனைப் போக்காது. இரு தரப்பாரும் ஒரு மேசையைப் பகிரும்போது, ஒருவர்க்கு ஆதாயமான பொருள் மற்றவரின் சரக்கைக் கெடுக்கும் நிலை இங்கேதான் வருகிறது. இதனை முன்னரே பேசித் தீர்த்துக்கொள்ளாத சங்கங்கள் பின்னர்ப் பேரவைக் கூட்டத்தில் பேசித் தீர்க்க நேரும். அறுத்த வில்லைகளைச் சில மணிநேரம் சாய்த்து நிறுத்தி நீரும் பாலும் வடிய விடுக. பின் துடைத்து, விளிம்புயர்ந்த தாம்பாளத்தில் வைத்தே மேசைக்குக் கொணர்க. தட்டின்மேல் பூ வேலை முழுவதும் மண்டபத்தின் பின்கட்டில் முடிந்தபின்னரே துணியை விரிக்கவேண்டும். துணியின்மேல் வைத்து வேலை செய்ய எவரையும் விடலாகாது.

தாம்பாளத்திற்குப் பதிலாக மண்கிண்ணம் விரும்புவோர் உளர். மானாமதுரை மண்பாண்டம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபின் அதனைப் பெயர்சொல்லிக் கேட்போரும் உண்டு. மெருகிடாத மண்கலம் நீரைக் கசியவிடும் இயல்புடையது. குடத்து நீரைக் குளிர்விப்பதும் அக்கசிவே. துணியின்மேல் வைத்தால் ஈர வளையம் விழும். அடித்தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பணியாளர் கணக்கும் ஈண்டே கூறிவிடுகிறேன். பழகிய கைக்கு ஒரு தட்டுக்குப் 10 நிமிடம் எனக் கொள்வோம். 40 தட்டுக்கு 400 நிமிடம். நால்வர் அமர்ந்தால் 1 மணி 40 நிமிடத்தில் முடியும். முடிந்த தட்டுகளை ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்து, விருந்தினர் வருவதற்குச் சற்று முன் எடுத்து வைக்கலாம்.

காலமும் கணக்கும்

ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் பெரும்பாலும் நடவா. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பர். மலர் பயிரிடுவோர்க்கு அவை மெலிந்த காலம். ஆனால் துணியும் தாம்பாளமும் வாடுவன அல்ல. அம்மாதங்களில் நெய்து, நனைத்து, தைத்து, அடுக்கி வைத்துக்கொள்ளலாம். பூ ஒன்றே அந்நாளுக்கு உரியது. பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாட்கள் முன்னரே அச்சிடப்பட்டிருப்பதால், அதினின்று பின்னோக்கி எண்ணிச் செண்டுமல்லி நாற்று நடும் நாளையும் குறித்துக்கொள்ளலாம்.

துணியை விற்பதா, வாடகைக்கு விடுவதா? வாடகைக்கு விடுதலே மேல் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, துணியொன்றின் அடக்கவிலை 120 ரூபாய் எனவும், அது 20 விருந்துக்கு உழைக்கும் எனவும் கொண்டால், ஒரு விருந்துக்குத் தேய்மானம் 6 ரூபாயே. வெளுப்புக் கூலி, இஸ்திரி, வண்டிச் சத்தம், பூ, பணியாட்கூலி ஆகியவற்றை அதனுடன் கூட்டி ஒரு தட்டின் அடக்கத்தைக் காணவேண்டும். தேய்மானத்தை விட்டுவிட்டு ஆதாயம் காட்டும் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். இருபத்தோராம் விருந்தின்போது சங்கத்திடம் துணியும் இராது, பணமும் இராது.

தொடங்குமுன் துணைவிதிகளைப் பார்த்துக்கொள்க. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி இயங்கும் சங்கம் எதுவும் தன் துணைவிதிகளுக்கு உட்பட்டே தொழில் செய்யவேண்டும். நெசவாளர் சங்கத்தின் நோக்கங்களில் வாடகைக்கு விடுதல் இடம்பெறாவிடின், முதலில் துணைவிதியைத் திருத்தி, பின்னர்த் துணியை விடுக. இரு சங்கங்கள் சேர்ந்து செய்யும்போது, பூ வாடினால் நட்டம் யாருடையது, துணி கறைபட்டால் யாருடையது, ஆணை கடைசி நேரத்தில் நீக்கப்பட்டால் யாருடையது என்னும் மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்க. பூவுக்கு நடவு காலத்திலேயே செலவு தொடங்கிவிடுகிறது. ஆதலின் முன்பணத்தில் மலர்ச் சங்கத்தின் பங்கு கூடுதலாக இருத்தல் நேர்மை.

முழுத் தொகையையும் விருந்திற்கு முன்னரே பெற்றுக்கொள்க. மணம் முடிந்த வீட்டில் பணம் கேட்டுச் செல்வது எளிதன்று. சமையற்காரரும் பந்தற்காரரும் நமக்கு முன்னரே வாயிலில் நிற்பர். துணிக்கும் தட்டுக்கும் தனியே காப்புத்தொகை பெற்று, திரும்பியவற்றை எண்ணியபின் மீட்டுக் கொடுக்கவேண்டும். 40 துணி சென்று 37 வருவது வியப்பன்று. எஞ்சிய மூன்றும் பெரும்பாலும் எவர் வீட்டுச் சமையலறையிலோ பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்.

விருந்து முடிந்தபின்

துணிகளை எண்ணியெடுத்த அன்றிரவே தண்ணீரில் ஊறப்போடுக. காயவிட்டால் எண்ணெயும் மஞ்சளும் பற்றிவிடும். சோப்பிட்டவுடன் மஞ்சட்கறை சிவப்பாக மாறுவது கண்டு அஞ்ச வேண்டா. காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. நன்கு அலசி வெயிலில் உலர்த்தினால் எஞ்சிய கறையை வெயிலே போக்கும். சாயக்கரை வெளுக்காதிருக்க மறுபுறத்தை மேலாக்கி உலர்த்துக. பூவும் வாழை வில்லையும் மலர்ச் சங்கத்தாரின் எருக்குழிக்குத் திரும்பட்டும். தாம்பாளங்களைப் புளியிட்டுத் துலக்கிக் கணக்கில் வரவு வைக்க. வாழைக்கறை பட்ட துணிகளை மட்டும் பிரித்து வைத்து, கறுப்பிலோ காப்பிப்பொடி நிறத்திலோ மறுசாயம் ஏற்றுக. பதிவேட்டில் அவற்றிற்கு இரண்டாந்தரம் எனத் தனிப் பத்தி வகுத்து, உணவு அடுக்கும் நீள்மேசையில் சூடான பாத்திரங்களின் அடியில் விரிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.